எதிரொலியைச் சாக்கில் கட்டிய கதை

பாட்டைக் கெடுப்பது ஸ்பீக்கர் இல்லை, சுவர்தான். பத்தாவதில் கோட்டை விட்டவன் சொல்கிறேன், நம்புங்கள்.

மிளகாய் வத்தல் மூட்டை அடுக்க அப்பா கட்டிய கான்கிரீட் அறை அந்தச் சித்திரையில் காலியாகக் கிடந்தது. பழைய ஸ்பீக்கர் இரண்டை அதில் வைத்துப் பாடவிட்டேன். பாடகர் ஒரு வரி பாடினால், சுவரும் கூடவே பாடியது. கோயில் கொடைக்கு மைக்செட் கட்டும் என் கூட்டாளி முத்துப்பாண்டியைக் கூப்பிட்டேன். (குழாய் ஸ்பீக்கர் கட்டப் பனைமரம் ஏறியதுதான் அவன் படித்த சவுண்டுப் படிப்பு.) உள்ளே வந்து கையைத் தட்டிப் பார்த்தான்.

“செவுரு மொட்டையா இருக்குலே. கனமா எதையாச்சும் தொங்கவிட்டாத்தான் சத்தத்தக் குடிக்கும்.”

வீட்டில் கனமாக இருந்தவை வத்தல் சாக்குகளும் தார்ப்பாயும்.

மறுநாள் அப்பாவும் அம்மாவும் காரியாபட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பினார்கள். வாசலை ஒட்டிய களத்தில் அந்த வருசத்து மிளகாய் முழுவதும் காய்ந்துகொண்டிருந்தது.

“ஏலே, மேகம் கூடுனா தார்ப்பாயப் போட்டு மூடிரு. நனைஞ்சா வெளுத்துப்போகும், ஏவாரி தொடமாட்டாரு.”

“நம்ம ஊருக்கு மழையாப்பா? வழி தெரியாமத்தான் வரணும்.”

அவர்கள் பஸ் ஏறியதும் தார்ப்பாய் சுவரில் ஏறியது. அதன்மேல் சாக்கு, கதவிடுக்கில் மெத்தைப் பஞ்சு. சோதித்துப் பார்க்க செல்போனிலிருந்து மழைச் சத்தம் ஒன்றைப் போட்டோம்.

“இடி நெஞ்சுக்குள்ள இறங்குதுலே!” என்றான் முத்துப்பாண்டி.

பெருமையாக ஆஃப் செய்தேன். இடி நிற்கவில்லை.

“எதிரொலி இன்னும் மிச்சமிருக்கு. இன்னும் ரெண்டு சாக்க அடி.”

அடித்தேன். (நம்பித்தான் அடித்தேன்.) நான் ஆணி அடிக்க, வெளியே யாரோ கதவை அடித்தார்கள். திறந்தால் அப்பா. வேட்டி தொடையோடு ஒட்டியிருந்தது. பின்னால் அம்மா, பட்டுச்சேலை முந்தானையில் அள்ளிய மிளகாயோடு. மிச்ச மிளகாய் மழைத் தண்ணீரில் மிதந்து தெருவுக்குப் போய்க்கொண்டிருந்தது.

“தார்ப்பாய் எங்கடா?”

சுவரைக் காட்டினேன்.

அப்பா ஒரு மூலையைப் பிடித்து இழுத்தார். தார்ப்பாய் இரண்டாகக் கிழிந்தது. ஆணி அசையவில்லை. (என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுதான்.) செல்போன் இடி என்று நினைத்த கதையைச் சொன்னதும் அப்பா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

“சித்தப்பா, நீங்க ஏசுனது எதிரொலிக்கவே இல்ல, கவனிச்சீகளா?” என்று கேட்டுவிட்டு, முத்துப்பாண்டி மழையிலேயே ஓடினான்.

வியாபாரி வந்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார், கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்த வருசம் முழுவதும் வெளுத்த வத்தலில் நாங்களே குழம்பு வைத்துத் தின்றோம்.

இப்போதும் இடி இடித்தால் அப்பா வானத்தைப் பார்ப்பதில்லை. என்னைத்தான் பார்க்கிறார்.

“ஏலே, அத ஆஃப் பண்ணுலே!”