பச்சையம் சாரின் பட்டினிச் செடி

இலை மறுபடியும் கருநீலமாகிவிட்டது.

ஆய்வக மேசைமேல் குனிந்திருந்த பச்சையம் சார் நிமிர்ந்தார். கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். இவர் கண்ணாடி துடைத்தார் என்பதற்காக அயோடின் மனம் மாறுமா என்ன? வெள்ளைப் பீங்கான் கிண்ணத்துக்குள் மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி கிடந்தது இலை.

"அண்ணே, அலமாரியை யாராவது திறந்தாங்களா?"

"இல்ல சார்."

"கிண்ணத்தைக் கழுவினீங்களா?"

"தண்ணி விட்டு அலசினேன் சார்."

அதோடு லேப் அண்ணன் வாயை மூடிக்கொண்டார். பள்ளியின் ஆய்வக உதவியாளரான அவருக்குக் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லித்தான் இருபது வருடப் பழக்கம். கேட்காததைச் சொல்லி வம்பில் மாட்டிக்கொள்ளும் ஆள் இல்லை.

பச்சையம் சார் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஒளிச்சேர்க்கைப் பாடம் வந்துவிட்டால் மனிதர் தரையில் நிற்க மாட்டார்.

"இலைங்கிறது ஒரு சமையலறை. வேரு தண்ணி தூக்கிக் குடுக்குது. இலையில இருக்கிற குட்டிக் குட்டி வாய் காத்துல இருந்து கரியமில வாயுவை இழுக்குது. வெயில்தான் அடுப்பு, பச்சையம்தான் சமையல்காரர். வெந்து வர்றது சர்க்கரை. மிச்சத்தை மாவுச்சத்தா மாத்திப் பதுக்கி வெச்சுக்கும். நாமெல்லாம் யாரு? மாட்டைச் சுத்தி, கோழியைச் சுத்தி, கடைசியில அந்தச் சமையலறையிலயே போய்க் கை நனைக்கிற ஆளுங்க."

இதைச் சொல்லும்போது அவர் கண் பளபளக்கும். எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சுகூடத் தூங்காது.

ஆனால் ஆறு வருடமாக அவர் தற்காலிக ஆசிரியர்தான். அடுத்த வியாழக்கிழமை ஆய்வாளர் அம்மா வருகிறார். அவர் முன்னால் இந்தச் சோதனையைச் செய்துகாட்டி, அது சரியாக வந்தால் வேலை நிரந்தரம். வராவிட்டால் அந்த நாற்காலிக்குத் தலைமையாசிரியரின் மைத்துனர் மகன் தயாராக இருந்தார்.

சோதனை ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. தொட்டிச் செடியை இரண்டு நாள் இருட்டில் வைத்தால், அது பதுக்கிய மாவுச்சத்தைத் தானே தின்று தீர்த்துவிடும். அப்போது ஓர் இலையைப் பறித்து, ஸ்பிரிட்டில் வேகவைத்து வெளுக்கச் செய்து, கிண்ணத்தில் போட்டு அயோடின் விட்டால் பழுப்பாகவே இருக்க வேண்டும். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது, அதாவது செடி எங்கேயோ வெளிச்சத்தைக் குடித்திருக்கிறது என்று அர்த்தம். இது தேறிய பிறகுதான் இலையில் கறுப்புப் பட்டை கட்டி வெயிலில் வைக்கும் மறுபாதி.

"திருட்டு வெளிச்சம்," என்றார் பச்சையம் சார். அலமாரிக் கதவில் நூல் அளவுக்கு ஓர் இடுக்கு தெரிந்தது. பிடித்துவிட்டோம் என்ற உற்சாகத்தில் செடியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடினார். செடியில் நாலு இலை மிச்சம்.

வீட்டில் இடுக்கே இல்லாத இடம் ஒன்றுதான். படுக்கையறை பீரோ. உள்ளே இருந்த துணியெல்லாம் கட்டிலுக்கு வந்தது, செடி உள்ளே போனது, சாவி சாரின் பைக்குள் போனது.

"ஏங்க, நாளைக்கு நான் எதை உடுத்திக்கிட்டு ஆபீஸ் போறது?" என்று கேட்டாள் மனைவி.

"கட்டில்ல இருக்கு பாரு, கண்ணுக்கு முன்னால. பீரோவைவிட வசதி."

மகளைப் பார்க்க வந்திருந்த மாமியார், மாப்பிள்ளை செடியைப் பீரோவில் பூட்டியதையும் மகள் துணிமூட்டைமேல் படுத்ததையும் பார்த்துவிட்டு, இந்தச் சம்பந்தம் வந்தபோதே நன்றாக விசாரித்திருக்க வேண்டும் என்று ஊரில் இருந்த கணவருக்குப் போன் போட்டார்.

இரண்டு நாள் கழித்து, ஆய்வகத்தில் இலை. கருநீலம்.

அன்று வீட்டில் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. மாமியார்மேல்தான் முதல் சந்தேகம். அவருக்குச் செடிகொடி என்றால் உயிர். பீரோவைத் திறந்தீர்களா, ஜன்னலைத் திறந்தீர்களா, டார்ச் அடித்தீர்களா என்று பச்சையம் சார் சுற்றிச் சுற்றிக் கேட்டார். மாமியார் கடைசியில், சாவியைப் பைக்குள் வைத்திருப்பவரே திருடனைத் தேடினால் திருடன் எங்கே கிடைப்பான் என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

பீரோ தோற்றதும் டிரங்குப் பெட்டி வந்தது. பெட்டிக்குள் செடி, பெட்டிமேல் இரண்டு போர்வை, எல்லாம் கட்டிலுக்கு அடியில். படுக்கையறையில் விளக்குப் போடக் கூடாது என்று உத்தரவு. செல்போன் திரைகூட வெளிச்சம்தான், அதற்கும் தடை.

மனைவி இருட்டில் பவுடர் பூசிக்கொண்டு ஒரு கன்னம் மட்டும் வெளுத்துப்போய் ஆபீஸ் போனாள். அங்கே யாரும் சொல்லவில்லை. மத்தியானம் கை கழுவும் இடத்துக் கண்ணாடியில்தான் பார்த்தாள். பச்சையம் சார் ஒரு கறுப்பு ஷூவும் ஒரு பழுப்பு ஷூவுமாகப் பள்ளிக்குப் போனார். மாமியார் கட்டில் காலில் இடித்துக்கொண்டு கட்டைவிரல் வீங்கி உட்கார்ந்தார்.

"செடி மட்டும்தான் இங்க பட்டினின்னு நெனச்சேன்," என்றாள் மனைவி. "அடுப்படிப் பக்கம் வந்து ரெண்டு நாளாச்சு நீங்க. இலையைப் பத்தி இவ்வளவு பேசுறீங்களே, அது தனக்கு வேண்டியதைத் தானே சமைச்சுக்குதில்ல?"

பச்சையம் சார் அடுப்படிக்குப் போய்த் தனக்கும் அவளுக்கும் முட்டை பொரித்தார். ஒன்று கருகியது.

புதன்கிழமை காலை. இலை. கருநீலம்.

செடியில் இப்போது இரண்டே இரண்டு இலை. அதுவும் வெளிறி, தலை தொங்கி, ஆஸ்பத்திரியில் இருந்து வந்த ஆள் மாதிரி நின்றது. அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியர் ஆய்வகத்துக்குள் வந்தார். அவர் வருவதற்கு முன்னால் அவர் சட்டையின் சத்தம் வந்துவிடும். அப்படி ஒரு வெள்ளை, அப்படி ஒரு விறைப்பு. மனிதர் திரும்பினால் அரை நொடி கழித்துத்தான் சட்டை திரும்பும்.

அவர் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

"ஒரு செடியே உங்க பேச்சைக் கேக்கல. எட்டாம் வகுப்பு எங்க கேக்கப்போகுது? நாளைக்கு உடம்பு சரியில்லைன்னு லீவு போட்டுடுங்க. உங்களுக்கும் மரியாதை, பள்ளிக்கும் மரியாதை."

பச்சையம் சார் செடியோடு வீட்டுக்கு வந்து டிரங்குப் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்தார். லீவுக் கடிதத்தை மனசுக்குள் பாதி எழுதிவிட்டார். அப்போது அந்த இரண்டு இலைகளைப் பார்த்தார். வெளிறிய இலையில் எங்கே இருக்கிறது மாவுச்சத்து? பட்டினி கிடந்த முகம் பொய் சொல்லுமா?

"செடி சரியாத்தான் இருக்கு," என்றார் சத்தமாக. "நான் அதை நம்பப்போறேன்."

மாமியார் மனைவியைப் பார்த்தார். மனைவி அப்பாவுக்குப் போன் போட வேண்டாம் என்று கையால் சைகை செய்தாள். பிறகு அவளே கறுப்புக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, ஒவ்வோர் இலையின் நடுவிலும் பதமாகச் சுற்றி, கிளிப் மாட்டினாள்.

வியாழக்கிழமை. விடிந்ததில் இருந்து செடி பள்ளி மொட்டைமாடியில் வெயில் குடித்தது. மதியம் வகுப்பே ஆய்வகத்தில் நெருக்கியடித்து நின்றது. முன்வரிசையில் ஆய்வாளர் அம்மா. பக்கத்தில் தலைமையாசிரியர், என்றைக்கும் இல்லாத விறைப்பில். உட்காரவே யோசிக்கும் சட்டை.

பச்சையம் சார் தொடங்கினார். சமையலறை வந்தது, அடுப்பு வந்தது, குட்டி வாய்கள் வந்தன. ஆய்வாளர் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வெளுத்த முதல் இலையைப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அலசி, "வெயில் பட்ட இடம் மட்டும் நிறம் மாறும், பட்டை கட்டின இடம் பழுப்பாவே இருக்கும், பாருங்க," என்று அயோடினை விட்டார்.

பட்டையும் தெரியவில்லை, பழுப்பும் தெரியவில்லை. நுனி முதல் காம்பு வரை ஒரே கருநீலம். முன்னெப்போதையும்விட அடர்த்தியாக.

பின்வரிசை எக்கிப் பார்த்தது.

"நான் நேத்தே சொன்னேன்," என்று எழுந்தார் தலைமையாசிரியர். "இப்படி விட்டா எப்படி வரும்? குடுங்க இங்க." அவர் அயோடின் சொட்டுக்குழாயைப் பிடுங்கினார். பச்சையம் சார் விடவில்லை. இருவர் கைக்கும் நடுவில் குழாய் ஒரு துள்ளுத் துள்ளியது. மூன்று சொட்டு தலைமையாசிரியரின் நெஞ்சில் தெறித்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மூன்றும் கருநீலமாகி, கட்டைவிரல் அகலத்துக்குப் பரவின.

பின்வரிசையில் ஒரு பெண் குரல் பணிவாகக் கேட்டது: "சார், சட்டையும் ஒளிச்சேர்க்கை பண்ணுமா?"

ஆய்வகம் குலுங்கியது. ஆய்வாளர் அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தார், பிறகு கிண்ணத்தைப் பார்த்தார், மறுபடி சட்டையைப் பார்த்தார். அப்புறம் தன் கைப்பையில் இருந்த சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்துக் குழாயடியில் கழுவி, மேசைமேல் வைத்தார்.

"இன்னொரு இலை இருக்கில்ல? இதுல போடுங்க."

பச்சையம் சார் வெளுத்த கடைசி இலையை மூடியில் அலசி அயோடின் விட்டார். ஓரங்கள் கருத்தன. இரண்டு பக்கமும் நீலம் ஊர்ந்து வந்து கோடு போட்ட மாதிரி நின்றது. நடுவில் மனைவி கட்டிய பட்டையின் அச்சு, பளிச்சென்று பழுப்பாக.

வகுப்பு கைதட்டியதில் அடுத்த வகுப்பு ஜன்னலுக்கு வந்துவிட்டது. பச்சையம் சார் தொட்டியைத் தூக்கி இலையில்லாத செடியைக் கட்டிக்கொண்டார். ஆய்வாளர் அம்மா தன் காகிதத்தில் ஒரு வரி எழுதி, கீழே கையெழுத்தும் போட்டார்.

"அருமையா நடத்தினீங்க சார், எனக்கு இனிமே வேற எதுவும் பாக்க வேண்டாம்," என்றவர், பேனாவை மூடிக்கொண்டே சுவரோரம் நின்ற லேப் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்ப்பா, இந்தக் கிண்ணத்தை வேற எதுக்காவது உபயோகப்படுத்துறீங்களா?"

தலைமையாசிரியர் கறையைக் கையால் மறைத்துக்கொண்டு, சொல்லாதே என்று வேகமாகத் தலையை ஆட்டினார். ஆனால் இரண்டு வாரமாக யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டால் பதில் சொல்வதுதானே லேப் அண்ணனின் பழக்கம்.

"தினம் சாயங்காலம் நம்ம தலைமையாசிரியர் சட்டைக்கு இதுலதாங்கம்மா கஞ்சி கரைக்கிறேன், நீங்க வர்றீங்கன்னு நேத்து கொஞ்சம் கெட்டியாவே கரைக்கச் சொன்னாரு."