கூப்பிடு தூரம்

"ரெண்டு வருஷப் படிப்புக்கும் மூணு வருஷப் படிப்புக்கும் கடைசியில ஒரே பரீட்சை, ஒரே வேலைன்னா, நடுவுல அந்த ஒரு வருஷம் எதுக்கு மேடம்?" என்று மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அப்பா ஆரம்பித்தார்.

நேர்காணல் அவளுக்கு. பதில் சொல்லிக்கொண்டிருந்தது அப்பா. ஜவுளிக் கடையில் உட்கார்ந்தே தலை நரைத்தவர். எதையாவது சொன்ன விலைக்கு வாங்கிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது. துணைக்கு மட்டும் வருகிறேன், வாயே திறக்கமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

ஆக்குபேஷனல் தெரபி துறைத் தலைவி பொறுமையாகவே விளக்கினார். கை முடங்கியவர்களுக்குச் சட்டைப் பொத்தான் போட மறுபடி பழக்க முதுகலையே போதும். மூன்று வருட டாக்டரேட், ஆராய்ச்சிக்கும் பாடம் நடத்தவும் உதவும். மகளுக்கு வேண்டியது முதுகலை. அதில் மிச்சம் ஒரே இடம். அதற்காக வேலையை விட்டு, உடற்கூறியல் வகுப்பில் தன்னைவிடச் சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து தேறியிருந்தாள்.

"அப்ப டாக்டரேட்டையே ரெண்டு வருஷத்துல குடுத்துடுங்க. புள்ள தொழில் தெரிஞ்சவ."

அப்பா பையிலிருந்து ஒரு கத்தரிக்கோலை எடுத்து மேஜைமேல் வைத்தார். கடைத் தையல்காரருக்கு விரல்கள் மடங்காமல் போனபோது, அதன் பிடியில் ரப்பரும் துணியும் சுற்றிப் பருமனாக்கி, அவரை மறுபடி துணி வெட்ட வைத்தது மகள்தான். தலைவி அதைப் புரட்டி அடிப்பக்கம் பார்த்தார். முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஓரமாக வைத்தார்.

மகள் மேஜைக்கடியில் அப்பாவின் காலை மிதித்தாள். மிதித்த பிறகுதான் உறைத்தது: அவர்கள் கடையில் காலை மிதித்தால், ஆள் மசிகிறார், இன்னும் அழுத்து என்று அர்த்தம்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. ஆஸ்பத்திரிப் பயிற்சியில் பாதியைத் தள்ளுபடி செய்யச் சொன்னார். வேறொரு கல்லூரியில் வார இறுதி வகுப்பிலேயே எல்லாம் முடித்துத் தருகிறார்களாமே என்றார். அப்படி ஒரு கல்லூரியே கிடையாது.

"பயிற்சியில ஒரு நாள்கூடக் குறைக்க முடியாது" என்று தலைவி பேனாவை மூடினார்.

பேச்சை மாற்ற மகள் இருமினாள். கடையில் இருமலுக்கும் அர்த்தம் உண்டு: எழுந்திரு, கிளம்புவதுபோல நடி.

அப்பா சான்றிதழ் ஃபைலை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையைக் கட்டினார். ஃபைல் போன பக்கம் மகளும் ஓட வேண்டியதாயிற்று.

"பதறாதம்மா. படி இறங்குறதுக்குள்ள கூப்பிடுவாங்க."

படி இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை.

"எந்தக் காலேஜுப்பா பின்னாலயே வந்து கூப்பிடும்?"

"திரும்பிப் பாக்காத. பாத்தா விலை ஏறிடும்."

மரத்தடியில் நின்று, ஒழுங்காக இருந்த ஷூ லேஸை அவிழ்த்து மறுபடி கட்டினார். அப்போதும் கூப்பிடவில்லை. கேட்டை நெருங்க நெருங்க அவர் நடை ஆமை நடையாயிற்று. காவலாளி போனைக் காதில் வைத்தபடி இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மகள் ஃபைலைப் பிடுங்கினாள். "இது போர்வை இல்லப்பா, பேரம் பேச. என் படிப்பு." விடுவிடுவென்று கேட்டைத் தாண்டித் தெருவில் நின்று அழுதாள்.

அப்பாவும் தாண்டி வந்தார். "தப்புதாம்மா" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து அவள் இதுவரை கேட்டதில்லை.

காவலாளி போனை இறக்கினார். "சார், உள்ள வாங்க, ரெண்டு வருஷம், முழுப் பயிற்சி, சீட்டு பாப்பாவுக்குத்தானாம், நீங்க கேட்டைத் தாண்டுற வரைக்கும் மட்டும் கூப்பிடக் கூடாதுன்னு மேடம் கண்டிப்பா சொல்லிட்டாங்க, அவங்க அப்பாவும் ஜவுளிக் கடைதான்."