பேச்சிமுத்து அனுப்பிய படங்கள்

"அண்ணே, பெட்டிக்குப் பொட்டு வச்சிய, சரி. உள்ள இருக்க டிஸ்க்கையெல்லாம் யாரு உருவச் சொன்னா?"

கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ராம்குமார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான்.

"ஆயுத பூசைல்ல தம்பி. வெளிய மட்டும் வச்சா உள்ள இருக்கது கோவிச்சுக்கிடாதா?" என்றார் பாண்டிதுரை.

ராஜபாளையத்தில் அவர் ஸ்டுடியோ எடுத்த கல்யாணப் படங்கள் அத்தனையும் அந்த நாலு டிஸ்க்கில்தான் இருந்தன. பெட்டி ஓடும்போதே ஒவ்வொன்றாக உருவி, பொட்டு வைத்து, திரும்பச் சொருகியிருந்தார். அதிலிருந்து பெட்டி ஈனக்குரலில் கூவிக்கொண்டே இருந்தது.

"நாலுல ஒண்ணு செத்தாத் தாங்கும்ணே. மத்த மூணும் சேந்து அதோட வேலையும் பாத்துக்கிடும். ஆனா ஒண்ணு எப்பவோ செத்திருக்கு, அது போக நீங்க மத்ததையும் உருவிட்டிய. சிவப்பு லைட்டு எரிஞ்சிருக்கணுமே?"

பாண்டிதுரை விரலால் தேய்த்தார். போன வருசப் பொட்டு, அதன்மேல் இந்த வருசப் பொட்டு, இரண்டுக்கும் அடியில் லைட் எரிந்துகொண்டிருந்தது.

"மங்களகரமாத்தான் செத்திருக்கு" என்றான் ராம்குமார்.

போன் அடித்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் அனுசியா.

"அண்ணாச்சி, ஆல்பம் பொறவு வரட்டும். தாலி கட்டுத படம் ஒண்ணு மட்டும் குடுங்க. கல்யாணத்துக்கு அப்பாவால வர முடியல. இன்னைக்கோ நாளைக்கோங்காக. கண்ணு தெரியும்போதே காட்டிரணும்."

"சாயங்காலம் கொண்டாரேன் தாயி."

சொன்ன பிறகுதான் கூவும் பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

ராம்குமார் டீ குடிக்கப் போன நேரத்தில் கம்ப்யூட்டர் திரையில் ஏதோ கேள்வி வந்தது. நல்லதுக்குத்தான் கேட்கும் என்று 'ஆம்' அழுத்தினார். கூவல் நின்றது. சந்தோஷமாக அனுசியா கல்யாணத்தைத் திறந்தார். மணப்பெண்ணின் கழுத்துக்கு மேலே யாரோ ஒரு மீசைக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். மற்ற படங்களெல்லாம் வெறும் சாம்பல் நிறம்.

திரும்பி வந்த ராம்குமார் டம்ளரைக் கீழே வைத்தான். "படமெல்லாம் கலஞ்சு போச்சுண்ணே. இனி ஒண்ணையும் தொடாதிய."

அப்போது பாண்டிதுரையின் போனில் ஒரு சேதி வந்தது. அனுப்பியது பேச்சிமுத்து.

ஸ்டுடியோவில் எடிட்டிங் பார்த்தவன். தை மாதம் செத்துப்போனான். பாடைக்குத் தோள் கொடுத்தவர்களில் பாண்டிதுரையும் ஒருவர்.

'அண்ணே, இது வேணுமா?' என்று ஒரு வரி. கீழே, அனுசியா கழுத்தில் தாலி ஏறும் படம்.

"தம்பி... கல்யாணம் ஆவணியில. இவன் தையிலயே போயிட்டான்."

இன்னொரு படம் வந்தது. இன்னொன்றும் வந்தது. பாண்டிதுரை எல்லாவற்றையும் அழித்து, அந்த எண்ணையும் முடக்கினார்.

"ஏண்ணே அழிச்சிய? அதான நமக்கு வேணும்!"

"செத்தவன் குடுத்தத எப்படிடா வாங்க?"

"செத்தவரு குடுக்காரு, உயிரோட இருக்கவரு அழிக்கியளே!"

பாண்டிதுரை திருநீறு பூசிக்கொண்டு, முடக்கியதை நீக்கி, அந்த எண்ணுக்குக் கூப்பிட்டார். எடுத்தார்கள். குரல் இல்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

பேச்சிமுத்துவின் வீடும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான்; இருவரும் பைக்கில் அங்கே பறந்தார்கள்.

கதவைத் திறந்தவள் பேச்சிமுத்துவின் மனைவி மாரிச்செல்வி. கையில் அவன் போன்.

"நீதான் அனுப்புனியா தாயி?"

"ஆமாண்ணே. நீங்க கூப்பிட்டதும் பேசத்தான் எடுத்தேன். அவுக போன்ல பேச மனசு வரல, வச்சிட்டேன்."

சாமிப் படங்களுக்கு நடுவே பேச்சிமுத்துவின் படம். பக்கத்தில் சின்னக் கறுப்புப் பெட்டி ஒன்று. அதில் பச்சை லைட் மின்னியது.

"ஸ்டுடியோப் படமெல்லாம் தானாவே இதுக்கும் வந்து சேருத மாதிரி வச்சிருந்தாவ போல. இன்னைக்கு உங்க பெட்டி பதில் சொல்லலன்னு அவுக போனுக்குச் சேதி வந்துச்சு. அதான் கடைசியா வந்த கல்யாணத்த அனுப்பிப் பாத்தேன்."

ராம்குமார் அங்கிருந்தே தாலிப் படத்தை அனுசியாவுக்கு அனுப்பினான். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: 'அப்பா பாத்துட்டாரு. சிரிச்சாரு.'

பாண்டிதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவன் போன பொறவும் இத ஏம்மா ஓட விட்ட? படம் வருதுன்னு உனக்குத் தெரியுமா?"

"இன்னைக்குத்தான் தெரியும்ணே" என்றாள் மாரிச்செல்வி. "அப்பவே அணைக்கணும்னுதான் போனேன். இந்த லைட்டு விட்டு விட்டு எரியுதது அவுக மூச்சு விடுத மாதிரியே இருந்துச்சு. எப்படி அணைக்க?"