ரா 61 விவகாரமாகச் சம்பந்திக்கு ஒரு விளக்கம்

பெருமதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் மகன், அதாவது என் மாப்பிள்ளை, தன் ஊரில் தானே சமைத்துத் தானே சாப்பிட்டுக்கொண்டு சுகமாக இருப்பதாகத் தகவல். இங்கே என் மனைவி சுகம். விடுமுறைக்கு வந்திருக்கும் மகள் சுகம். பேத்தி பாப்பா மிக மிகச் சுகம். நானும் செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணி வரை சுகமாகத்தான் இருந்தேன். பத்தரை மணிக்குத் தங்களுடைய இருபத்தேழாவது கார்டு வந்தது.

கார்டில் சதுரங்க நகர்வைத் தவிர ஒரு வார்த்தை எழுதக் கூடாது என்பது நம் இருவருக்கும் என் மகள் போட்ட உத்தரவு என்பதை நான் மறக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது கார்டைப் பற்றி மட்டும்தான். இது கடிதம். முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன், உத்தரவில் கடிதம் என்ற சொல் எங்கும் வரவில்லை. உத்தரவு பிறந்த கதையும் தங்களுக்கு நினைவிருக்கும். பாப்பா பிறந்த அன்றே தாங்கள் ஏழெழுத்தில் ஒரு பெயர் சொன்னீர்கள், நான் நாலெழுத்தில் ஒரு பெயர் சொன்னேன், தங்கள் பெயரில் ஒற்று மிகுமா மிகாதா என்று நான் மரியாதையாகத்தான் கேட்டேன், தாங்கள் கல்யாணப் பத்திரிகையில் நான் பதினோரு பிழை கண்டுபிடித்துச் சிவப்புப் பென்சிலால் சுழித்துத் திருப்பி அனுப்பிய பழைய விஷயத்தை இழுத்தீர்கள், நான் ஃபோனை வைத்தேன், அல்லது தாங்கள் வைத்தீர்கள், அது இன்னும் தீராத வழக்கு. அப்போதுதான் மகள் சொன்னாள்: “ரெண்டு பேருக்கும் செஸ்ஸு தெரியும்ல, அதுலயே தீத்துக்குங்க. ஜெயிக்கிறவங்க பேர் வைக்கட்டும். ஆனா ஃபோன் கூடாது. நேர்ல பாத்தாலும் இந்தப் பேச்சு கூடாது. கார்டுல ஒரு நகர்வு, அவ்வளவுதான்.” அது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. குழந்தை நடந்தாள், ஓடினாள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மாட்டிக்கொண்டாள். இன்னும் பாப்பாதான். ஊசி போடுகிற அட்டையில் என்ன பெயர் எழுதுகிறீர்கள் என்று நான் ஒரு தடவை கேட்டதற்கு, “அத நான் பாத்துக்கறேன்ப்பா, நீங்க ஆட்டத்தப் பாருங்க” என்று சொன்னாள். எவ்வளவு பொறுமையான பெண் என்று பெருமைப்பட்டேன்.

கார்டு வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். நம் ஆட்டத்தைத் தொடக்கத்திலிருந்து படித்துக்கொண்டு வருகிறவர் எங்கள் தெருப் போஸ்ட்மேன். கார்டு என்றால் திறந்த வீடுதானே, யார் வேண்டுமானாலும் எட்டிப் பார்க்கலாம். வழக்கமாகச் சைக்கிளில் இருந்தபடியே நீட்டுகிறவர் அன்றைக்கு இறங்கி, ஸ்டாண்டு போட்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார். என்னவோ ஏதோ என்று என் மனைவி ஈரக் கையோடு ஓடி வந்துவிட்டாள். “ஒண்ணுமில்லம்மா, சார் தோத்துட்டாரு” என்றார் அவர். நான் கார்டை வாங்கிப் பார்த்தேன். “ரா 58. செக்மேட். பெயர் நான் சொன்னதே. நன்றி.” நன்றி என்ற வார்த்தை விதிமீறல். அதை நான் பெரிதுபடுத்தவில்லை.

மேஜையில் இருந்த பலகையைப் போய்ப் பார்த்தேன். 58 என்பது ஐந்தாவது வரிசை, எட்டாவது கட்டம். தங்கள் ராணி என் பலகையில் 61இல் நிற்கிறாள். அங்கிருந்து 58க்குப் போக அவளுக்கு இறக்கைதான் முளைக்க வேண்டும். தங்கள் ராஜா 71இல் இருக்கிறார். அவர் இருக்கிற இடத்திலிருந்து 58க்குப் போவது என்றால் வயதான மனிதருக்கு ஒன்பது பத்து மாதம் ஆகும். சரி, வழக்கம்போல வீட்டுக்காரிதான் தூசி தட்டும்போது காயை நகர்த்திவிட்டாள் என்று முடிவு கட்டி ஒரு சத்தம் போட்டேன். அவள் அமைதியாக வந்து, “அந்த மேஜைய நான் மூணு வருஷமா தொடலீங்க. பாருங்க, உங்க குதிர காதுக்கும் மந்திரி தலைக்கும் நடுவுல சிலந்தி கட்டியிருக்கு, அதையாவது நம்புங்க” என்றாள். நம்பினேன்.

உடனே பிஸ்கெட் டப்பாவிலிருந்து தங்களுடைய இருபத்தேழு கார்டுகளையும் எடுத்து, வரிசையாகத் தரையில் பரப்பி, முதல் நகர்விலிருந்து மறுபடி ஆடிப் பார்த்தேன். ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை பாப்பா மேலே உட்கார்ந்திருந்தாள். அவளைக் கிளப்ப ஒரு கறுப்புச் சிப்பாயைக் கடிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது. முதல் பதினைந்து நகர்வில் ஒரு குறையும் இல்லை. இருக்காது, ஏனென்றால் அதுவரை நாம் ஆடியது ஸ்பானியத் திறப்பு, நூலகப் புத்தகத்தில் வரிக்கு வரி இருக்கிறது. அந்தத் திறப்பைப் பற்றி எழுதிய பழங்காலப் பாதிரியார் ஒருவர், எதிராளியின் கண்ணில் வெயில் அடிக்கும்படி பலகையை வையுங்கள் என்று யோசனை சொன்னாராம். தபாலில் ஆடுகிறவனுக்கு அந்த வசதி இல்லை. போகட்டும். பதினைந்தாவது நகர்வில் புத்தகம் “இருவருக்கும் சம வாய்ப்பு” என்று சொல்லிவிட்டுக் கையை உதறிவிட்டது. இனி சொந்த மூளை. சொந்த மூளையை நம்பிய முதல் நகர்விலேயே, அதாவது தங்களுடைய பதினாறாவது கார்டிலேயே, வினை இருந்தது. அதில் எழுதியிருந்தது: “ரா 61.”

சம்பந்தி, காயின் முதல் எழுத்தைப் போட்டால் போதும் என்று நாம் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறதல்லவா. யா என்றால் யானை, கு என்றால் குதிரை, ம என்றால் மந்திரி, சி என்றால் சிப்பாய், ரா என்றால் ராணி. அந்தப் பட்டியலை நான்தான் எழுதி, இரண்டு தடவை மெய்ப்புப் பார்த்து, அனுப்பினேன். ராஜாவுக்கும் ரா தான் என்பது எனக்குத் தோன்றவில்லை. தங்களுக்கும் தோன்றவில்லை, ஆனால் தாங்கள் மெய்ப்புத் திருத்துபவர் இல்லை. தாங்கள் ராஜாவை 71இலிருந்து 61க்கு ஓரடி நகர்த்தினீர்கள். நான் ராணி 52இலிருந்து 61க்கு ஓரடி பின்வாங்கினாள் என்று படித்தேன். படித்துவிட்டுச் சிரித்தேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். “சம்பந்தி பயந்துட்டாருடி” என்று மனைவியிடம் சொன்னேன். அன்றைக்கு இரண்டாவது காபி கேட்டுக் குடித்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கே என் மேல் கோபம் வருகிறது. தங்கள் ராஜா 71இல் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, பதினோரு நகர்வாக, கிட்டத்தட்ட ஒன்றேகால் வருஷம், ஒரு காலி கட்டத்தை முற்றுகையிட்டிருக்கிறேன். இரண்டு யானையையும் வீட்டைவிட்டு வெளியே அனுப்பி அந்தக் கட்டத்தைப் பார்த்து நிறுத்தினேன். குதிரையை நாலு கார்டு செலவழித்துச் சுற்றிக் கொண்டுவந்தேன். தாங்கள் இருபத்திரண்டாவது கார்டின் ஓரத்தில், விதியை மீறி, பொடி எழுத்தில், “சம்பந்தி, தங்கள் திட்டம் எனக்குப் புரியவில்லை, ஆழமாக இருக்கிறது” என்று எழுதியிருந்தீர்கள். அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டு போஸ்ட்மேனிடம் காட்டினேன். அவர், “எனக்கும் புரியல சார்” என்றார். அவருடையதையும் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். நான் வீட்டைக் காலி செய்துவிட்டு ஊர்வலம் போன நேரத்தில், 52ஐவிட்டு நகரவே நகராத தங்கள் ராணி நேர்கோட்டில் நடந்து வந்து 58இல் உட்கார்ந்து என் ராஜாவை மடக்கிவிட்டாள்.

இப்போது நான் கேட்பது நியாயம் மட்டுமே. ஆடியது ஒரே ஆட்டம் என்று நாம் இருவரும் நினைத்தோம், நடந்தது இரண்டு ஆட்டம். என்னுடைய பலகையில் நான் இன்னும் நாலு நகர்வில் ஜெயிக்கிறேன். மேலும், ரா 61ஐ ராணி என்று நான் படித்ததற்குச் சரித்திர ஆதாரமே உண்டு. ஆதியில் ராஜாவுக்குப் பக்கத்தில் ராணி என்று யாருமே இல்லை, அங்கே நின்றவர் மந்திரி, அவர் மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம்தான் போவார். 52இலிருந்து 61 மூலைவாட்டில் ஒரே ஒரு கட்டம். ஆயிரம் வருஷத்துப் பழக்கத்தை அனுசரித்து ஒருவன் படித்தால் அதைப் பிழை என்று சொல்ல முடியுமா? இதை மனைவியிடம் படித்துக் காட்டினேன். “இத அனுப்பாதீங்க, மானம் போயிடும்” என்றாள். அனுப்புகிறேன்.

ஒன்றை மட்டும் மறைத்தால் மனசாட்சி உறுத்தும். ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த தாங்கள் ஆரம்பத்திலேயே சொன்னீர்கள், எழுத்தெல்லாம் வேண்டாம், வெளிநாடுகளில் தபாலில் ஆடுகிறவர்கள் நாலு எண் போடுகிறார்கள், புறப்பட்ட கட்டம் ரெண்டு எண், போய்ச் சேர்ந்த கட்டம் ரெண்டு எண், ரயிலுக்கு எழுதுகிற மாதிரி, குழப்பமே வராது என்று. 7161 என்று ஒரு வரி வந்திருந்தால் எனக்கு இந்தக் கதி இல்லை. நான்தான், எழுத்தை நம்பிச் சோறு தின்றவனிடம் எண்ணைப் பற்றிப் பேசாதீர்கள் என்று சொல்லித் தட்டிக்கழித்தேன். தாங்கள் அன்று விட்டுக்கொடுத்தீர்கள். அந்தப் பெருந்தன்மையை இன்னொரு தடவை எதிர்பார்க்கிறேன்.

அவசரம் என்னவென்றால், விடுமுறை முடிந்து ஊர் திரும்பியதும் பாப்பாவுக்குப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கைப் பாரம் கொடுக்க வேண்டுமாம். பாரத்தில் முதல் கட்டமே குழந்தையின் பெயர். பெயர் இல்லாத பிள்ளையை எந்த வகுப்பில் கூப்பிட்டு ஆஜர் எடுப்பார்கள்? ஆகவே, எதிராளி இப்படி ஆடினால் இது, அப்படி ஆடினால் அது என்று தபால் ஆட்டக்காரர்கள் எழுதும் வழக்கப்படி, முன்கூட்டியே நகர்வுகளை எழுதிவிடுகிறேன். பதினாறாவது நகர்விலிருந்து மறுபடி ஆடலாம் என்று தாங்கள் ஒப்புக்கொண்டால், முடிவு தெரிகிறவரை பாரத்தில் என் நாலெழுத்துப் பெயரைப் பென்சிலால் எழுதி வைப்போம். ஒப்புக்கொள்ளவில்லை என்றால், தங்கள் பெயரில் ஒற்று மிகும் என்பதை மட்டுமாவது ஒப்புக்கொள்ளுங்கள். அதையும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. குழந்தைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று மூன்று வருஷமாகக் காத்திருக்கிறேன், சம்பந்தி. அந்த ஆசையைத்தான் அந்தக் காலி கட்டத்தைச் சுற்றி நிறுத்தியிருந்தேன்.

சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கத்தையும், மாப்பிள்ளை ஃபோன் செய்தால் என் ஆசியையும் சொல்லவும். தங்கள் முழங்கால் வலி குறைந்து, ராஜாவைவிட வேகமாக நடக்க வேண்டும் என்று மனமார வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்புள்ள சம்பந்தி.

பின்குறிப்பு: கடிதத்தை முடித்துவிட்டு உறை தேடினேன். “பள்ளிக்கூட ஃபைல்ல கவர் இருக்குப்பா, எடுத்துக்குங்க” என்றாள் மகள். எடுத்தேன். ஃபைலில் பாரம் இருந்தது, முழுக்க நிரப்பியிருந்தது, முதல் கட்டமும் நிரப்பியிருந்தது. பின்னால் பிறப்புச் சான்றிதழ் குத்தியிருந்தது. அதிலும் அதே பெயர். தேதியைப் பார்த்தேன். குழந்தை பிறந்த பன்னிரண்டாம் நாள். நம்முடைய முதல் கார்டுக்கு இருபத்தெட்டு நாள் முன்பு. அது என் பெயரும் இல்லை, உங்கள் பெயரும் இல்லை.

“என்னம்மா இது?” என்று கேட்டேன். “நீங்க ரெண்டு பேரும் ஃபோன்ல போட்ட சத்தம் ஆஸ்பத்திரிக் கட்டில் வரைக்கும் கேட்டுச்சுப்பா. அப்பவே நானும் அவரும் பேர் வெச்சுட்டோம். சொல்லலாம்னுதான் இருந்தோம். அதுக்குள்ள கார்டு போட ஆரம்பிச்சிட்டீங்க. சண்ட இல்லாம சந்தோஷமா இருக்கீங்களே, எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டேன்” என்றாள். என் மனைவிக்குத் தெரியுமாம். சம்பந்தி அம்மாவுக்கும் தெரியுமாம். போஸ்ட்மேனுக்குக்கூடத் தெரியுமாம், போன பிறந்தநாளுக்கு அந்தப் பெயருக்கு வந்த வாழ்த்து அட்டையை அவர்தான் கொண்டுவந்து கொடுத்தாராம்.

பாப்பா மேஜைக்கு அடியில் உட்கார்ந்து என் ராணியைக் கடித்துக்கொண்டிருந்தாள். குனிந்து, “உன் பேர் என்ன கண்ணு?” என்று கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், அப்பா பெயரோடு சேர்த்து, ஓர் எழுத்து புரளாமல் சொன்னாள். “இத்தன நாளா தாத்தாகிட்ட ஏன் சொல்லல?” என்றேன்.

“நீ கேக்கவே இல்லயே தாத்தா” என்றாள்.

நான் கேட்கவில்லைதான், சம்பந்தி. நீங்களும் கேட்டிருக்க மாட்டீர்கள். ஆகையால் மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடவும். செக்மேட், செக்மேட்தான். நான் தோற்றேன், நீங்கள் ஜெயித்தீர்கள், இரண்டுக்கும் ஒரே பலன். அடுத்த ஆட்டத்துக்குப் பந்தயம் ஏதும் வேண்டாம். வெள்ளை எனக்கு. என் முதல் நகர்வு 5254. எண்ணிலேயே எழுதியிருக்கிறேன், கவனிக்கவும்.

அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். ஃபோன் தடையை மகள் நீக்கிவிட்டாள், கூப்பிட்டு அவளிடமே கேளுங்கள். சிவப்புப் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு சான்றிதழில் அந்தப் பெயரை மூன்று தடவை படித்தேன். திருத்த ஒன்றும் இல்லை.