கிளெனிஸ் சாய்ந்த கதை

அலமாரிக் கண்ணாடி முன்னால் இடது கையைத் தூக்கிக்கொண்டு, குழிந்த பக்க விலாவுக்குள் மூச்சை இழுத்து நிரப்பிய கிளெனிஸ், கண்ணைத் திறந்து பார்த்து நொந்துபோனாள். உடம்பு இன்றைக்கும் இடது பக்கமாகத்தான் சாய்ந்து நின்றது.

"மெர்வ், இங்க வந்து பாரு. நான் நேராவா நிக்கிறேன்?"

புருஷன் மெர்வ் கதவோரம் தலையை நீட்டினான். அவளைப் பார்த்தான், கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தான், அவசரமாகத் தரையைப் பார்த்தான்.

"முதுகு உன்னோடது, கண்ணு. நான் என்னத்தச் சொல்ல?"

கிளெனிஸுக்குச் சின்ன வயதிலிருந்தே முதுகெலும்பில் வளைவு. பாதி ஆயுள் அதை மறந்து ஓட்டியாயிற்று. ஐம்பதைத் தாண்டியதும் அது வலியாக வந்து தன்னை நினைவூட்டியது. போன வருஷம் ஜிம்பி ஊர் மண்டபத்தில் நடந்த நடன விழாவில், முதுகுக்குத் தலையணை வைத்து ஓரமாக உட்கார்ந்து, ஆடப் போன பெண்களின் கைப்பைகளுக்குக் காவல் காத்தாள். ஒருத்தி பல்செட்டைக்கூடக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அந்த அவமானம் பொறுக்காமல், இந்த வருஷம் ஆடியே தீருவது என்று பிசியோதெரபிஸ்ட் பிப்பாவிடம் போய்ச் சேர்ந்தாள்.

பிப்பா சர்க்கரையாகப் பேசி ஏமாற்றவில்லை. வளைவு வளைவாகத்தான் இருக்கும். ஆனால் தூங்கிக் கிடக்கும் தசைகளை எழுப்பி, ஒழுங்காக மூச்சுவிடவும் நிற்கவும் பழகினால் வலி குறையும், ஆடலாம் என்றாள். வீட்டில் தினமும் கண்ணாடிச் சட்டத்தோடு உடம்பை ஒப்பிட்டுப் பார்க்கவும் சொன்னாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

வலி என்னவோ குறைந்தது. நின்றபடியே உருளைக்கிழங்கு தோல் சீவ முடிந்தது. பிப்பாவின் அறைக் கண்ணாடியிலும் கிளெனிஸ் கம்பீரமாகத்தான் நின்றாள். வீட்டுக்கு வந்தால் மட்டும் சாய்ந்தாள். அதற்கு மெர்வ் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

"அது துணிக்கடைக் கண்ணாடி மாதிரி, கண்ணு. வந்தவங்க மனசு நோகாமக் காட்டும்."

நம்பினாள். அவன் சொன்ன எல்லாவற்றையும் அவள் நம்பியிருந்தாள். சாப்பாட்டு மேசையில் பட்டாணி உருண்டு ஓடினால், அவள் தட்டைச் சாய்த்து வைத்ததால். குளியல் தொட்டியில் தண்ணீர் ஒரு பக்கமே சேர்ந்தால், அவள் சாய்ந்து உட்கார்ந்ததால். சுவர்ப் படங்கள் கோணலாகத் தெரிந்தால், அவள் கழுத்து கோணலாக இருப்பதால். ஒவ்வொரு தடவையும் மெர்வ் அன்பாக எடுத்துச் சொல்லி, முதுகைத் தடவியும் கொடுப்பான்.

மனைவி படும் பாட்டைப் பார்த்து, அவனே கதவு நிலையை ஒட்டி நீல நாடா ஒன்றை மேலிருந்து கீழே ஒட்டிக் கொடுத்தான். அதோடு ஒட்டி நின்று பழகினாள் கிளெனிஸ். அடுத்த முறை பிப்பாவின் அறைக்குள் வலது பக்கமாகச் சரிந்தபடி நுழைந்தாள்.

"என்ன கிளெனிஸ், கப்பல்ல வந்தீங்களா?" என்றாள் பிப்பா.

வீட்டில் நேரானால் வெளியில் கோணல், வெளியில் நேரானால் வீட்டில் கோணல். மெர்வ் இடது காலுக்குக் கீழே வைக்க ஒரு கட்டைத்துண்டு சீவிக் கொடுத்தான். கட்டைத்துண்டு சீவுவதில் அவன் கில்லாடி. ஃப்ரிட்ஜுக்கும் அடுப்புக்கும் ஏற்கெனவே சீவி வைத்திருந்தான். கிளெனிஸ் அதைச் செருப்புக்குள் போட்டுக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனாள். கறிக்கடைக்காரர் அவளோடு பேசி முடிக்கும்வரை தலையைச் சாய்த்தே வைத்திருந்தார்.

அப்புறம், கைகளால் கம்பியைப் பிடித்து உடம்பை நீட்டச் சொன்னாள் பிப்பா. கதவு நிலைக்கு மேலே ஒரு கம்பி மாட்டிக் கொடு என்று கிளெனிஸ் கேட்டபோது மெர்வுக்கு முகம் வெளுத்தது. என்னென்னவோ சாக்குச் சொல்லிவிட்டுப் படகைத் துடைக்கப் போய்விட்டான். ஊரில் முக்கால்வாசி வீடுகளைப் போல அவர்கள் வீடும் மரக்கால்களின் மேல் நின்றது. போன வருஷம் அவன் வாங்கிய மீன்பிடி படகு வீட்டுக்கு அடியில்தான் இருந்தது. கிளெனிஸ் அதில் ஏறியதே இல்லை. படகைப் பார்த்தாலே அவளுக்கு வாந்தி வரும்.

கம்பியை அவளே மாட்டினாள். விழா அன்று சாயங்காலம் நீல கவுனை மாட்டிக்கொண்டு, கடைசியாக ஒருமுறை என்று கம்பியைப் பிடித்து ஆழமாக மூச்சை இழுத்தாள்.

அடியில் 'மடக்'கென்று ஒரு சத்தம். வீடு ஒரு மூலையில் உட்கார்ந்தது. அறைக் கதவு படாரென்று சாத்திக்கொண்டு இறுகியது. வெளியே ஃப்ரிட்ஜ் தன் கட்டைத்துண்டை உதறிவிட்டு நடைவழியில் உருண்டு போனது. கீழேயிருந்து மெர்வின் ஓலம் கேட்டது. தனக்காக இப்படிக் கதறுகிறானே என்று கிளெனிஸ் நெகிழ்ந்துபோனாள். அவன் கதறியது படகுக்காக. வீடு அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்குக் கால் மாற்றும் தொழில் செய்யும் டாரல் பக்கத்துத் தெருக்காரர். விழாவுக்குக் கோட்டுப் போட்டுப் புறப்பட்டவர் அப்படியே ஓடிவந்து, ஜாக்கி கொடுத்து வீட்டைத் தாங்கவைத்து, ஜன்னலுக்கு ஏணி சாத்தினார். உள்ளே எட்டிப் பார்த்து, செங்குத்துப் பார்க்கும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார். குண்டு ஒரு பக்கம், கதவு நிலை இன்னொரு பக்கம்.

"காலெல்லாம் கரையான் தின்னிருக்கு. வீடு ரொம்ப நாளா சாஞ்சே நிக்குது. இந்த வீட்ல நேரா நிக்கிறது நீங்க ஒருத்தர்தாங்க," என்றார் டாரல்.

கிளெனிஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வாழ்க்கையில் யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. கவுனைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏணியில் இறங்கி, நேரே மண்டபத்துக்குப் போனாள்.

ஆடினாள். தலையணையை யாரும் தேடவில்லை. துக்கம் தாளாத மெர்வ் மட்டும் கைப்பைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தான். டாரலோடு ஆடும்போது அவனை எட்டிப் பார்த்த கிளெனிஸுக்கு மனசு உருகியது.

"மெர்வ் தங்கமான மனுஷன்ங்க. எனக்காக நாடா ஒட்டினான், கட்டை சீவினான். தப்பு வீட்டு மேலன்னு அவனுக்கு எப்படித் தெரியும், பாவம்."

டாரல் தாளம் தப்பி அவள் காலை மிதித்துவிட்டார்.

"தெரியாதா? போன வருஷமே பாத்துட்டு, காலெல்லாம் மாத்தணும்னு சொன்னேனே. 'என்ன பண்றது டாரல், எங்க வீட்டம்மா படகுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா'ன்னு மெர்வ்தானே சொன்னான்?"