நான் ஏறிய கொத்தளம்

பெண் பார்க்கப் போகும் இடத்தில் கேசரிக்கு மட்டும்தான் வாயைத் திறக்க வேண்டும். இந்த ஞானம் எனக்கு வந்தபோது வலது கால் செருப்பு உருகிப் போயிருந்தது.

எங்களுக்குப் பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை. பெண் வீட்டார் திருச்சுழிக்குத் தெற்கே மானாவாரி விவசாயக் குடும்பம். பெண் பெயர் செல்வி. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் என்னைப் பிடிக்க வேண்டுமே என்ற பதற்றம். ஊருக்குப் பின்னால் பாளையக்காரர் காலத்து எல்லைக்கோட்டை ஒன்று பாழடைந்து கிடப்பதாக அவள் அப்பா சொன்னதும், கோட்டை வரலாறெல்லாம் எனக்கு அத்துப்படி என்று அளந்துவிட்டேன். (பத்தாம் வகுப்பில் வரலாற்றில் நான் எடுத்த மார்க்கை இங்கே கேட்காதீர்கள்.)

ரெண்டு குடும்பமும் பட்டுச் சேலை சரசரக்கக் கிளம்பியது. கோட்டை என்றால் இடுப்புயர மண்சுவர், நாலைந்து செங்கல், அகழி முழுக்கச் சீமைக்கருவேலம். இவ்வளவுதானா என்று எல்லார் முகமும் சுருங்கியது. அப்போதுதான் மூலையில் உருண்டு திரண்டு நின்ற அந்த மண்மேட்டைக் கண்டேன்.

"இதுதான் கொத்தளம்" என்றேன். "இங்க நின்னுதான் எதிரி வாரானான்னு பாப்பாக."

"தம்பி, அது வந்து..." என்று அவள் அப்பா ஆரம்பித்தார். அவரைக் கையமர்த்திவிட்டு ஏறினேன். ஓரத்தில் லேசாகப் புகை கசிந்தது; யாரோ பீடி குடிக்கிறார்கள் என்று நினைத்தேன். உள்ளங்கால் சுட்டது. வீரம் விளைந்த மண், இன்னும் சூடு ஆறவில்லை என்று ஒரு வசனம் வேறு பேசினேன். சத்தியமாகப் பேசினேன்.

அடுத்த நொடி கால் பொதுக்கென்று உள்ளே போனது.

அது அவள் அப்பாவின் கரிமூட்டம். கருவேல விறகை அடுக்கி, மண் பூசி மூடி, உள்ளுக்குள்ளேயே கனியவிட்டிருந்தார். காற்றுப் புகுந்தால் அத்தனை விறகும் கரியாகாமல் சாம்பலாகிவிடும். ஒரு வார உழைப்பில் நான் ஓட்டை போட்டிருந்தேன்.

"வந்த வழியே இறங்குங்க" என்றாள் செல்வி. அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். இறங்கியதும் அடுத்தது வந்தது: "நிக்காதீக, மண்ண அள்ளுங்க."

அள்ளினேன். அம்மா பட்டுச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அள்ளினாள். என் தாய்மாமா புதுத் துண்டில் அள்ளினார். ஓட்டை ஒருவழியாக அடைபட்டது. சம்பந்தம் புகையோடு போய்விட்டது என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவள் அப்பா மூட்டத்தைச் சுற்றி வந்து பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். அவள் கரியும் மண்ணும் அப்பிய என் முகத்தைப் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் கருவேல மரத்துப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தை மாசம் வச்சுக்கிடலாம்" என்றார் அவர்.

பதினாலு வருஷம் ஆகிறது. எந்த ஊர்க் கோட்டைக்குப் போனாலும் என்னை வாசலில் நிறுத்திவிட்டு, எங்கள் மகள் ஓடிப்போய் மதிலைத் தொட்டுப் பார்ப்பாள்.

"சூடா இல்லப்பா. ஏறலாம்."