கிளுவை வேலியும் நாற்பதடி சைக்கிள் சவாரியும்

திருவொற்றியூர்,
மாசி, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் நிறைந்த தவசிமுத்து மாமாவுக்கு, உங்கள் மைத்துனன் ஆன்றோ எழுதிக்கொள்வது. இங்கு நானும் ஆலிஸும் சுகம். தாராபுரத்தில் நீங்கள் சுகமாகவும், அக்காவின் ரத்தக் கொதிப்பு கட்டுக்குள்ளும் இருக்க மாதாவை வேண்டுகிறோம். போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் போன தடவை நான் "வேலி" என்றது உங்கள் காதில் "வேலை" என்று விழுந்து, எங்கள் ஜெரிக்கு ஓசூரில் வேலை போய்விட்டது என்று அக்கா அழுது தீர்த்துவிட்டதால், நிதானமாகக் காகிதத்தில் எழுதுகிறேன்.

முதலில் ஒரே ஒரு கேள்வி. கிளுவைச் செடி இலை உதிர்க்கும் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா, தெரியாதா?

தெரியாது என்றால் மன்னித்துவிடுகிறேன். தெரியும் என்றால், மாமா, நடந்ததைக் கேளுங்கள். போன ஆனி மாதம் ஜெரி பேட்டரி ஸ்கூட்டர் ஒன்றை வாங்கி அனுப்பினான். அம்மாவுக்கு மூட்டு வலி, ஷேர் ஆட்டோவில் ஏறி இறங்க முடியவில்லை, அப்பா கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் கூட்டிப் போகட்டும் என்று நல்ல எண்ணத்தில் செய்தான். அப்பாவுக்குச் சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது என்பது அவனுக்கு எப்படித் தெரியும்? அது உங்களுக்கும் ஆலிஸுக்கும் மட்டும் தெரிந்த விஷயம். முப்பத்து நாலு வருஷம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவன், இருபது டன்னைத் தூக்கி முட்டை வைப்பதுபோல் கப்பலுக்குள் வைத்தவன், ஷிப்ட் முடிந்து நடந்தே போனால், "உடம்புக்கு நல்லதுன்னு நடக்கிறார்" என்று எல்லோரும் மெச்சினார்கள். அந்த மெச்சலை அறுபத்திரண்டு வயதில் தெருவில் விழுந்து கெடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வீட்டுப் பக்கவாட்டில் தோட்டம் என்ற பெயரில் நீளமாக ஒரு சந்து கிடக்கிறது அல்லவா, நாற்பதடி கன்டெய்னர் ஒன்று சாவகாசமாக நிற்கும் அளவுக்கு. அங்கேயே முதலில் சைக்கிள் பழகி, பிறகு ஸ்கூட்டருக்குப் போகலாம் என்று முடிவு செய்தேன். இடைஞ்சல் ஒன்றுதான். நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர். அந்தப் பக்கம் இருப்பது சௌக்கத் அலி பாய்.

பாயை உங்களுக்கு நினைவிருக்கலாம். பன்னிரண்டு வருஷம் நான் மேலே கிரேனில் உட்கார்ந்திருக்க, கீழே நின்று கையால் சைகை காட்டியவர். அவருடைய மனைவி உமைமாவின் சமையலறை ஜன்னல் நேராக என் சந்தைப் பார்த்துத்தான் திறக்கும். வேறு யார் பார்த்தாலும் பார்க்கட்டும், பாய் முன்னால் மட்டும் விழ முடியாது என்றுதான் உங்களிடம் யோசனை கேட்டேன். "கிளுவைப் போத்து நடு, ஆறு மாசத்தில் பச்சைச் சுவர்" என்றீர்கள். அனுப்பியும் வைத்தீர்கள்.

அனுப்பிய விதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆறடி நீளக் குச்சிகளைக் கட்டி, ஈரம் காயாமல் இருக்க வெள்ளை வேட்டியைச் சுற்றி, மூன்று இடத்தில் கயிறு போட்டு அனுப்பியிருந்தீர்கள். யானைக்கவுனி பார்சல் ஆபீசில் எடுத்து, பிரகாஷ் என்பவரின் ஆட்டோவில் குறுக்கே கிடத்தினேன். இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது. "இன்னா நைனா இது, முள்ளு முள்ளா கீது! சீட்டு கியிஞ்சா நீயா தச்சிக் குடுப்பே?" என்று அவர் புலம்பிக்கொண்டே ஓட்டினார். அது பரவாயில்லை. மூலக்கொத்தளம் வந்ததும் மக்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். பூக்காரம்மா ஒருத்தி எழுந்து நின்றாள். ஒரு பெரியவர் ஆட்டோவோடு கூடவே ஓடி வந்து, "நேராப் போவாதப்பா, சுடுகாட்டுக்கு லெப்ட்ல வளையணும்" என்று வழி காட்டினார். நான் "செடிங்க, செடி" என்றேன். துக்கத்தில் ஏதோ பிதற்றுகிறேன் என்று என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

நட்டேன். குறை சொல்லக்கூடாது, உங்கள் கிளுவை உப்புக்காற்றுக்கும் அசரவில்லை. ஆடியில் நட்டது ஆவணியில் துளிர்த்தது, ஐப்பசி மழையில் மதமதவென்று வளர்ந்தது, கார்த்திகைக்குள் தலைக்கு மேல் பச்சை. காலடிப்பேட்டையில் பழைய சைக்கிள் ஒன்று வாங்கி, தினமும் காலை பூசை மணி அடித்ததும் சந்துக்குள் போய்விடுவேன். விழுவேன். எழுவேன். துடைத்துக்கொண்டு ஒன்றும் நடக்காதவன்போல் காப்பிக்கு வருவேன். ஆலிஸ் ஒரு வார்த்தை கேட்டதில்லை. தேங்காயெண்ணெய் பாட்டிலை மட்டும் கை எட்டும் இடத்தில் வைத்திருப்பாள்.

இந்தச் சந்தோஷத்தில் ஒன்றை நான் கவனிக்கவில்லை, மாமா. கிறிஸ்துமஸுக்குப் பாய் வீட்டுக்கு அனுப்பிய கேக் தட்டு எப்போதும் சுவர் மேலேயே திரும்பி வரும், உமைமா கையால், மேலே ஏதாவது பலகாரத்தோடு. இந்த வருஷம் அது வெறும் தட்டாகக் கழுவித் துடைத்து, தெருவைச் சுற்றி வாசல் வழியாக வந்தது. சமையலறை ஜன்னலிலும் ஒரு கோரைப்பாயைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். வெயிலுக்கு என்று நினைத்தேன். மார்கழியில் ஏது வெயில் என்று யோசிக்கும் புத்தி எனக்கு இல்லை.

தை முடிந்தது. இலை பழுத்தது. நோய் வந்துவிட்டதென்று வேப்பம் புண்ணாக்கு வைத்தேன், இரண்டு வேளை தண்ணீர் ஊற்றினேன். ஊற்ற ஊற்றக் கொட்டியது. இன்னும் மறைப்பு மிச்சம் இருக்கிறது என்றே நினைத்துக்கொண்டு ஓட்டினேன். போன திங்கட்கிழமை காலை நான் முதல்முறையாகக் காலைத் தரையில் ஊன்றாமல் முப்பதடி தூரம் போய்விட்டேன். பெருமையில் தலையை நிமிர்த்தினால், வேலி இருந்த இடத்தில் வெறும் முள் குச்சிகள். அதற்கு அந்தப் பக்கம் நாற்காலியில் சௌக்கத் அலி பாய், மடியில் பேப்பர். பக்கத்தில் துணி உலர்த்தும் உமைமா. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். நான் கிளுவைக்குள் போய் விழுந்தேன்.

சுவர் தாண்டி வந்து முள் எடுத்தவர் பாய்தான். ஆலிஸ் தேங்காயெண்ணெய் பாட்டிலைப் பிடித்துக்கொண்டாள். "மூணு மாசமா தொம்மு தொம்முன்னு சத்தம் கேட்டுகினே கீது. உன் வூட்ல பூசணிக்காய் வுளுதுன்னு நெனச்சோம்" என்றார். உமைமா சிரிக்கவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, "அண்ணே, நாங்க இன்னா தப்பு பண்ணோம்னு தெரியாம எத்தினி நாள் பேஜாராப் பூட்ச்சு தெரியுமா? எங்க மூஞ்சியப் பாக்கப் புடிக்காமத்தான் முள்வேலி போட்டீங்கன்னு நானே ஜன்னலுக்குப் பாயக் கட்டிட்டேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. முள் குத்தியதைவிட அதுதான் எனக்கு வலித்தது. மானத்தை விட்டு உண்மையைச் சொன்னேன். "எனக்குச் சைக்கிள் வராது பாய். உன் முன்னால விழ வெக்கமா இருந்துச்சு."

பாய் சைக்கிளைத் தூக்கி நிறுத்தினார். பிறகு, "பன்னெண்டு வருசம் என் கையப் பாத்துத்தானே சரக்க எறக்கினே? அப்போ ஒரு தபாவாச்சும் கீழ போட்டியா? ஏறு" என்றார். சந்தின் மறு கோடியில் போய் நின்றார். வலது கையை உயர்த்தினார். அவ்வளவுதான் மாமா, எனக்குச் சக்கரமும் தெரியவில்லை, தரையும் தெரியவில்லை. அந்தக் கையை மட்டும் பார்த்தேன். இடது பக்கம் காட்டினார், சாய்ந்தேன். உள்ளங்கையைக் கவிழ்த்தார், மெதுவாக்கினேன். முஷ்டியை மடக்கினார், நின்றேன். நாற்பதடி. உமைமா கை தட்டினாள், ஆலிஸ் திரும்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள்.

அன்று மாலை உமைமா கை நீட்ட, நோன்புக் கஞ்சி குச்சிகளுக்கு நடுவே வந்தது. ஜன்னல் பாயும் இறங்கிவிட்டது. மழை வந்தால் இலை மறுபடி துளிர்க்கும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். துளிர்த்தால் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு வெட்டிவிடுவதாக உமைமாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். நேற்று ஸ்கூட்டரிலேயே சந்தில் இரண்டு தடவை போய் வந்துவிட்டேன். நாளை ஞாயிறு பூசைக்கு ஆலிஸைப் பின்னால் வைத்துக் கூட்டிப் போகப் போகிறேன். கல்யாணமாகி முப்பத்து மூன்று வருஷத்தில் இதுதான் முதல் தடவை. ஆகவே மேலே கேட்ட கேள்விக்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். தெரிந்தே அனுப்பியிருந்தாலும் நன்றி.

அக்காவுக்கு எங்கள் இருவரின் அன்பு. உப்பைக் குறைக்கச் சொல்லவும். உங்கள் கிணற்றில் நீரும் உங்கள் காதில் ஒலியும் பெருகட்டும்.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள மைத்துனன்,
ஆன்றோ

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டப் போகும்போது ஆலிஸ் வந்து, ஸ்கூட்டரை நிழலில் விடுகிறேன் என்று சாவி கேட்டாள். தள்ளிக்கொண்டு போவாள் என்று கொடுத்தேன். ஏறி உட்கார்ந்தாள், உமைமாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டாள், டோல்கேட் வரை போய் ஒரு கிலோ வஞ்சிரம் வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். "ஸ்கூல் படிக்கிறப்பவே அண்ணன் சைக்கிள்ல ரெண்டு தங்கச்சிங்கள வச்சிகினு ராயபுரம் பூரா ஓட்டுவேன்" என்கிறாள். இத்தனை வருஷம் ஏன் சொல்லவில்லை என்றேன். "நீங்க கேக்கவே இல்லியே" என்கிறாள். நாளை அவள்தான் ஓட்டுகிறாளாம். பின் சீட்டில் நான் ஒரு பக்கமாக உட்கார வேண்டுமா, இரண்டு பக்கமும் கால் போட வேண்டுமா என்று அக்காவிடம் கேட்டு, இது கிடைத்ததும் போன் போடச் சொல்லவும். அதுவரை நடந்தே போகிறேன்.